கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை இஞ்ச் மானிட்டர்? பத்தமடைப் பாயைக் கேளுங்கள்!

மானிட்டர் 24 இஞ்சா 32 இஞ்சா என்பதை உங்கள் கிராபிக்ஸ் கார்டு, அதாவது கம்ப்யூட்டருக்குள் திரைக்கான படத்தை வரைந்து கொடுக்கும் பாகம், கணக்கிலேயே எடுப்பதில்லை. நம்பிக்கை வரவில்லையா? கடைசி வரைக்கும் பாருங்கள்.

வணக்கம் மக்களே! பாளையங்கோட்டையில் என் சித்தி மகன் 32 இஞ்ச் 4கே மானிட்டர் வாங்கினான். கம்ப்யூட்டரில் இருப்பது 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. கேமைப் போட்டால் கார் தத்தித் தத்திப் போகிறது. "அண்ணே, மானிட்டர் பெருசு, அதான் லேக் ஆகுது" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

(திரையில்: இரண்டு கோரைப் பாய்கள், ஒரே அளவு)

இரண்டும் பத்தமடைப் பாய்தான். இது சாதாரணப் பாய். அது பட்டுப்பாய். ஓரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் காட்டுகிறேன். சாதாரணப் பாயில் ஒவ்வொரு கோரையையும் விரலால் எண்ணிவிடலாம். பட்டுப்பாயில் கோரையை ஊறவைத்து, நூல் மாதிரி கீறி நெய்திருக்கிறார்கள்; துணி மாதிரி மடிகிறது, எண்ண முடியாது. இரண்டிலும் ஒரு ஆள்தான் படுக்கலாம். ஆனால் பட்டுப்பாயை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு கோரையையும் கோத்து அடிக்க வேண்டுமே! என்ன அருமையான கைவேலை! ஒருமுறை சேரன்மகாதேவி வழியாகப் போனால் நேரில் பாருங்கள்.

சரி, இப்போது மாற்றிப் பாருங்கள். பாயின் அளவுதான் இஞ்ச். கோரைதான் பிக்சல், திரையில் படத்தை உண்டாக்கும் குட்டிப் புள்ளி. நெய்து முடித்த ஒரு பாய், திரையில் வரும் ஒரு முழுப் படம். நெய்கிறவர் உங்கள் கிராபிக்ஸ் கார்டு. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்குள் அவர் 60 பாய் முடிக்க வேண்டும். 1080பி, 1440பி, 4கே என்பதெல்லாம் ஒரு பாயில் எத்தனை கோரை என்ற கணக்குத்தான்; இதைத்தான் ரெசல்யூஷன் என்கிறோம். 1080பி-க்கு ஒரு பாயில் சுமார் 20.7 லட்சம் கோரை. 1440பி-க்கு 36.9 லட்சம். 4கே-க்கு 82.9 லட்சம், 1080பி-யைப் போல் சரியாக நாலு மடங்கு! 1650 பாவம், என்ன செய்யும்?

அப்போ இஞ்ச் எதற்கு? நம் கண்ணுக்கு. 24 இஞ்சில் 1080பி என்றால் ஒரு இஞ்சுக்கு 92 பிக்சல் வரும், நன்றாக இருக்கும். அதையே 27 இஞ்சுக்கு இழுத்தால் 82 ஆகிவிடும்; எழுத்தின் ஓரம் சொரசொரப்பாகத் தெரியும். 27 வேண்டுமென்றால் 1440பி எடுங்கள், 109 வரும்.

ஆக 1650 மாதிரி கார்டுக்கு 24 இஞ்ச், 1080பி. அதைவிட வலுவான ஆர்டிஎக்ஸ் 3060, 4060 கார்டு என்றால் செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைத்து 27 இஞ்ச், 1440பி தாராளமாக ஓட்டலாம். 4கே-யில் கேம் ஆட அதற்கும் மேலே போக வேண்டும்.

தம்பி மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கேமுக்குள் ரெசல்யூஷனை 1920க்கு 1080 என்று வைத்தோம். 4கே திரையில் அது ஒரு பிக்சலுக்கு நாலு பிக்சலாகக் கச்சிதமாக உட்காரும். 1440பி திரையில் அப்படி உட்காராது, மங்கும். கார் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

அப்புறம், கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில்தான் செருகியிருக்கிறீர்களா என்று இப்போதே எட்டிப் பாருங்கள். உங்கள் கார்டு பெயரைக் கமெண்டில் போடுங்கள், எந்த மானிட்டர் பொருந்தும் என்று சொல்கிறேன்.