சரடோகாவில் விழுந்த அடி, கடலூரில் கேட்ட வெடி

[காட்சி: புதுச்சேரி, சுஃப்ரென் வீதியின் பெயர்ப்பலகை]

புதுச்சேரியில் சுஃப்ரென் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. லால் பகதூர் சாஸ்திரி வீதியையோ பலர் இன்னும் புஸ்ஸி வீதி என்றே சொல்கிறார்கள். இந்த இரண்டு பிரெஞ்சுத் தளபதிகளும் 1783இல் கடலூரில் ஆங்கிலேயரோடு மோத நேர்ந்ததன் காரணத்தைத் தேடிப் போனால், அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள சரடோகாவில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

[காட்சி: ஹட்சன் பள்ளத்தாக்கின் வரைபடம்]

அமெரிக்கக் காலனிகள் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்திருந்த காலம் அது. 1777இல் ஆங்கிலத் தளபதி பர்கோய்ன், கனடாவிலிருந்து தெற்கே இறங்கி ஆல்பனியைப் பிடித்து, கிளர்ச்சியின் ஊற்றாக இருந்த வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தை மற்றக் காலனிகளிலிருந்து துண்டிக்கத் திட்டமிட்டார். தெற்கிலிருந்த இன்னொரு ஆங்கிலத் தளபதி ஹோவின் பெரும்படையோ அவருக்குத் துணையாக வராமல் பிலடெல்பியாவை நோக்கிப் போய்விட்டது. ஆற்றையும் சாலையையும் ஒருசேரப் பார்த்தபடி நின்ற பெமிஸ் மேட்டில், போலந்துப் பொறியாளர் கோஸ்சியுஸ்கோ அமைத்த அரண்களுக்குப் பின்னால் அமெரிக்கர்கள் காத்திருந்தார்கள். செப்டம்பர் 19, அக்டோபர் 7 ஆகிய இரு நாள் சண்டைகளுக்குப் பிறகு, உணவு குறைந்து, பின்வாங்கவும் வழியற்றுப்போன பர்கோய்ன், அக்டோபர் 17 அன்று 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுடன் சரணடைந்தார்.

இரண்டாம் சண்டையில் காலில் குண்டடிபட்ட அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டு பின்னாளில் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். ஆகவே அங்குள்ள நினைவுக்கல்லில் அவருடைய பூட்ஸ் இருக்கிறது, பெயர் இல்லை. நன்றியையும் கோபத்தையும் ஒரே கல்லில் செதுக்கியது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அதுவரை மறைவாக ஆயுதம் அனுப்பிவந்த பிரான்ஸ், இந்த வெற்றிச் செய்தி பாரிஸை எட்டியபின் துணிந்து, 1778 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கர்களோடு வெளிப்படையாக உடன்படிக்கை செய்துகொண்டது. காலனிக் கலகமாக இருந்தது கடல் கடந்த போராயிற்று.

[காட்சி: கடலூர், தேவனாம்பட்டினம் கடற்கரை]

அதே ஆண்டு அக்டோபரில், இரண்டு மாதத்துக்கும் மேலான முற்றுகைக்குப் பின் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. 1782இல் பிரெஞ்சுக்காரர்கள் ஹைதர் அலியின் துணையோடு கடலூரைப் பிடித்தார்கள். அதை மீட்க வந்த ஆங்கிலப் படை 1783 ஜூனில் புஸ்ஸியை ஊருக்குள் முடக்கியது. ஆனால் ஜூன் 20 அன்று இந்தக் கடலில், 15 போர்க்கப்பல்களுடன் வந்த சுஃப்ரென் 18 கப்பல்கள் வைத்திருந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸை எதிர்த்து நிற்க, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். முற்றுகையிட்டவர்களுக்குக் கடல்வழித் துணை அற்றுப்போனது.

ஐரோப்பாவில் ஜனவரி 20ஆம் தேதியே முதற்கட்ட சமாதானம் கையெழுத்தாகியிருந்தது. அந்தச் செய்தியைச் சுமந்த கப்பல் கடலூரை அடைந்தது ஜூன் இறுதியில்தான். பேச்சுவார்த்தை மேசையில் கடலூர் ஆங்கிலேயருக்கும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கும் திரும்பின.