முகாமா, ஆசுப்பத்திரியா?

(கிளிநொச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். அரசியலும் தொற்றுநோயும் என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். நான் ஒரு சொல்லோடு நின்றுவிடப் போகிறேன்: முகாம்.

2020 மார்ச்சில் கொரோனாவைத் தடுக்க அரசாங்கம் ஒரு தேசிய செயற்பாட்டு மையத்தை அமைத்தது. அதன் தலைமையை இராணுவத் தளபதியிடம் கொடுத்தது. 2009இல் இந்த மண்ணில் 58ஆவது படைப்பிரிவை நடத்தியவர் அவர். ஆளணியும் வாகனமும் படையிடம்தான் இருந்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கு 'எதிரி' என்று பெயர் வைத்துவிட்டால், நோய் கண்டவர் யார்? எதிரியை வீட்டுக்குள் வைத்திருக்கிறவர்.

வவுனியாவில் இருக்கிற பம்பைமடுவை எடுங்கள். போர் முடிந்தபின் பெண் போராளிகளைப் புனர்வாழ்வு என்று சொல்லி வைத்திருந்த ஊர். 2020இல் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தியதும் அங்கேதான். 2009இல் போரால் இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமுக்குக்கூட அரச கடிதங்களில் 'நலன்புரி' என்றுதான் பெயர். உள்ளே இருந்த நாங்கள் முள்ளுக்கம்பியைத்தான் பார்த்தோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி. கொரோனாக் காலத்தில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தார், பின்னால் இரண்டு ஆமிக்காரர். மாமி படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடி, "தம்பி, ஆசுப்பத்திரிக்கெண்டால் இப்பவே வாறன். முகாமுக்கெண்டால் வரமாட்டன்" என்றா. இருமி இருமித்தான் சொன்னா.

மாமி மருந்துக்குப் பயந்தவ இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் நாங்கள் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரித்த காலத்தில் வன்னி முழுக்க மலேரியா. போருக்குள்ளும் சுகாதாரத் துறையின் மலேரியாத் தடை இயக்கத்துப் பொடியள் வந்தார்கள். விரலில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம். பிள்ளைகளைத் தவிர ஒருவரும் ஓடவில்லை. 2012க்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் உள்ளூர்த் தொற்று இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்தச் சொட்டு இரத்தத்தைப் பற்றி எந்த மேடையில் பேசினார்கள்?

வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயின் கதை வேறு. அதன் பெயரிலேயே 'காரணம் அறியப்படாத' என்று இருக்கிறது. விஞ்ஞானிகள் அதை நேர்மையாகத்தான் வைத்தார்கள். அமைச்சுகளுக்கு வசதியாகப் போயிற்று: காரணம் தெரியாதென்றால் பொறுப்பும் ஒருவருக்கும் இல்லை. காரணமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட களைநாசினியான கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டுக்கொடுத்தார்கள். சனம் அதற்குள் வடிகட்டின தண்ணீருக்குக் கான் தூக்கப் பழகிவிட்டது.

மாமியிடம் வருகிறேன். அடுத்த நாள் அந்தப் பி.எச்.ஐ தனியே மோட்டார் சைக்கிளில் வந்தார். படலைக்கு வெளியே நின்று, "அம்மா, சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டார். மாமி கதிரை ஒன்றை முற்றத்தில் போட்டுவிட்டு, தன்ர உடுப்புப் பையை எடுக்க உள்ளே போனா.