ஈ.பி.டி. அட்டையோடு சந்தைக்குப் போகலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கிடைக்கும் உணவு உதவிக்கு ஸ்நாப் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்றுதான் சொல்கிறார்கள். மாதாமாதம் ஈ.பி.டி. என்ற, வங்கி அட்டை மாதிரியான ஓர் அட்டையில் பணம் ஏறும். சூப்பர் மார்க்கெட்டில் அதை வைத்து அரிசியும் பாலும் வாங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விவசாயிகளே வந்து கடை போடும் ஃபார்மர்ஸ் மார்க்கெட்கள் பலவற்றிலும் அதே அட்டை செல்லும். இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. மிச்சிகனில் ஒரு சந்தையின் தகவல் மேசையில் தன்னார்வலராக உட்காருகிறவள் நான்; அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த உதவி காகிதக் கூப்பனாக வந்த காலத்தில் சந்தையில் சிக்கலே இல்லை. நீட்டினால் விவசாயி வாங்கிக்கொள்வார். பிறகு அட்டை வந்தது. 2004க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. கடையில் எல்லார் முன்னாலும் கூப்பன் கிழித்துக் கொடுக்கும் கூச்சம் போனது, அது பெரிய விஷயம். ஆனால் அட்டையைத் தேய்க்க ஒரு கருவி வேண்டும், அதற்கு மின்சாரமும் தொலைபேசி இணைப்பும் வேண்டும். வெட்டவெளியில் கூடாரம் போட்டுத் தக்காளி விற்கிறவர் அதற்கு எங்கே போவார்? சந்தைகளில் ஃபுட் ஸ்டாம்ப் விற்பனை விழுந்துபோனது.

சந்தை முழுவதற்கும் ஒரே கருவி என்பதுதான் பல இடங்களில் கண்ட வழி. தகவல் மேசையில் அட்டையைத் தேய்த்து, வேண்டிய தொகைக்கு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். அதைக் கொடுத்து எந்தக் கடையிலும் காய் வாங்கலாம். விவசாயி அந்த டோக்கன்களைச் சந்தை நிர்வாகத்திடம் கொடுத்துப் பணமாக்கிக்கொள்வார். சில்லறை மட்டும் திரும்பக் கிடைக்காது; முழு டாலர் வருகிற மாதிரி பார்த்து எடுங்கள்.

அப்புறம், இரட்டிப்பு. 2009இல் டெட்ராய்ட்டில் டபுள் அப் ஃபுட் பக்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. 10 டாலர் தேய்த்தால், பழமும் காய்கறியும் வாங்க இன்னொரு 10 டாலர் சேர்த்துத் தருவார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு வரை என்பது இடத்துக்கு இடம் மாறும். குடும்பத்துக்குக் கூடுதல் காய், உள்ளூர் விவசாயிக்குக் கூடுதல் வரவு. ஒரே பணம் இரண்டு வேலை செய்கிறது. அதனால்தான் இது தானம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்படிப்பட்ட திட்டங்களுக்கு 2014இல் மத்திய அரசு நிதி வந்தது. 2018 வேளாண் சட்டத்தில் அந்த நிதித் திட்டத்துக்கு கஸ் ஷூமாக்கர் பெயரைச் சூட்டினார்கள். மாசசூசெட்ஸ் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்க வேளாண் துறையில் துணைச் செயலராக இருந்தவர். 1980இல் பாஸ்டன் சந்தையில் பேரிக்காய்ப் பெட்டி உடைந்து பழங்கள் தெருவோரம் உருண்டபோது, பிள்ளைகளோடு வந்த ஒரு தாய் அவற்றைப் பொறுக்கினாராம். ஃபுட் ஸ்டாம்பில் பழம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்று அவர் சொன்னதை ஷூமாக்கர் கடைசிவரை மறக்கவில்லை.

நம் ஆட்களுக்குப் பிடிக்கும் ஒன்று சொல்கிறேன். ஸ்நாப் பணத்தில் விதையும் நாற்றும் வாங்கலாம். 1970களிலிருந்தே இது உண்டு. சாப்பிடுகிற எதையாவது தருகிற செடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கத்தரி நாற்று, மிளகாய்ச் செடி, புதினா எல்லாம் சரி. பூச்செடிக்குச் செல்லாது, சுடச்சுட விற்கும் உணவுக்கும் பொதுவாகச் செல்லாது. மே மாதத்தில் இரண்டு மிளகாய்ச் செடி வாங்கித் தொட்டியில் வைத்தால் கோடை முழுக்கக் காய்க்கும்.

எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஸ்நாப் கிடையாது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ, வேலை போன நண்பரிடமோ இந்த அட்டை இருக்கலாம். அவர்களிடம் சொல்லுங்கள். மேசையில் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: ஈ.பி.டி. எடுப்பீர்களா, இரட்டிப்பு உண்டா? குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டியதில்லை. எங்களை அங்கே உட்கார வைத்திருப்பதே அதற்குத்தான்.

வணக்கம்.