கிளிம்மிங்கஹூஸ்: தானியம் காப்பாத்துன கல் வீடு

(காட்சி: வயலுக்கு நடுவுல தனியா நிக்கிற கல் கட்டிடம்)

இந்தக் கட்டிடத்தப் பாருங்க. சுத்தி வெறும் வயல், நடுவுல சாம்பல் கலர்ல ஒரு பெரிய கல் பெட்டி. ஸ்வீடனோட தெற்குல, ஸ்கோனே மாகாணத்துல, சிம்ரிஸ்ஹாம்ன் ஊருக்குப் பக்கத்துல இருக்கு. பேரு கிளிம்மிங்கஹூஸ். மத்திய காலத்துக் கோட்டை வீடு ஒண்ணு இவ்ளோ கெடாம நிக்கிறத ஸ்காண்டிநேவியாவுல வேற எங்கயும் பாக்குறது கஷ்டம்.

கட்ட ஆரம்பிச்சது 1499ல. அப்போ ஸ்கோனே ஸ்வீடன்ல இல்ல, டென்மார்க் கையில இருந்துச்சு. கட்டுனவரு யென்ஸ் ஹோல்கர்சன் உல்ஃப்ஸ்டாண்ட், டென்மார்க் பிரபு, காட்லாண்ட் தீவ ராஜாவுக்காக நிர்வாகம் பண்ணவரு. கல் வேலை ஆடம் வான் டூரன், லூண்ட் கதீட்ரல்லயும் வேலை பார்த்த கைதேர்ந்த ஆளு.

(காட்சி: ஜன்னல் ஓரமா சுவரோட கனம்)

சுவரு கீழ 2.4 மீட்டர், மேல 1.8 மீட்டர் கனம். அதாவது ஆறடி ஆளு கீழ்ச் சுவருக்குள்ள குறுக்க படுத்தா தலையும் தெரியாது காலும் தெரியாது. கீழ்த்தளத்துல சமையல்கட்டும் சாமான் வைக்கிற ரூமும், அதுக்கு மேல குடும்பம் தங்குற இடம், அதுக்கும் மேல விருந்து ஹால், உச்சி மாடி முழுக்க சண்டைக்கு. உள்ள நுழையிறவன ஏமாத்த பொய்க் கதவு, எங்கயும் போய்ச் சேராத நடை, மேலேர்ந்து கொதிக்கிற தார ஊத்த ஓட்டை, வெளிய அகழி. இவ்ளோ ஏற்பாடும் எதிரிப் படைக்காக மட்டும் இல்லங்க, குடியானவங்க கிளர்ச்சி பண்ணி உள்ள வந்துருவாங்களோங்குற பயமும் அதுல இருக்கு, எனக்கு இந்த வீட்டுல மனசுல நிக்கிறதே அதுதான்.

ஆனா உள்ள வாழ்க்கை செழிப்பா இருந்துருக்கு, தோண்டும்போது வெனிஸ் கண்ணாடி, ஸ்பெயின் பீங்கான் துண்டெல்லாம் கிடைச்சுது. இருந்தும் சில தலைமுறைதான் குடியிருந்தாங்க.

1658ல ரோஸ்கில்டே ஒப்பந்தத்துல ஸ்கோனே ஸ்வீடனுக்குப் போயிடுச்சு. 1676ல சண்டை திரும்ப வந்தப்போ, டென்மார்க் ராஜா கையில இது சிக்கிடக்கூடாதுன்னு ஸ்வீடன் ராஜா பதினோராம் சார்லஸ் இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டாரு. உள்ளூர் விவசாயிங்க 20 பேர வச்சு இடிச்சுப் பாத்தாங்க, நடக்கல. அடுத்து 130 பேர அனுப்பச் சொல்லி உத்தரவு வந்துச்சு, அவங்க வேலைய ஆரம்பிக்கிறதுக்குள்ள டென்மார்க்கும் டச்சுக்காரங்களும் சேர்ந்த கப்பல்படை இஸ்டாட் துறைமுகத்துக்கு வந்துடுச்சு, அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க.

(காட்சி: இருட்டான கீழ்த்தளம்)

அதுக்கப்புறம் 18ஆம் நூற்றாண்டு பூரா இது பண்ணையோட தானியக் கிடங்கு. எந்தக் குடியானவங்கள வெளிய நிறுத்தணும்னு இவ்ளோ கல்ல அடுக்குனாங்களோ, அவங்க வயல்ல விளைஞ்சதுதான் உள்ள வந்து குவிஞ்சுது. பிரபுக்கள் குடியிருந்த வீடுன்னா ஒவ்வொரு தலைமுறையும் ஃபேஷன் மாறுறப்பல்லாம் ஜன்னல பெருசா வெட்டும், மாடிய மாத்தும், பழசு போயிடும். மூட்டைக்கு வெளிச்சமும் வேணாம், அழகும் வேணாம். அதனால யாரும் பெருசா கை வைக்கல.

1924ல ஸ்வீடன் அரசாங்கத்துக்கு தானமா கொடுத்தாங்க, இப்போ உள்ள போய்ப் பாக்கலாம். போனா மேல ஏறுற அவசரத்துல கீழ்த்தளத்த விட்டுறாதீங்க, அங்க கொஞ்ச நேரம் நில்லுங்க.