சோக்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை

வணக்கம் நேயர்களே.

ஒரு நகைச்சுவையைச் சொல்லி முடித்து, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிரிப்பவரை 'டியூப் லைட்' என்று கேலி செய்வோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேலியே விளங்குவதில்லை. சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிற வீட்டில் பிறந்தவர்கள் அவர்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கியதும் டியூப் கண் சிமிட்டுவதும், அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, டியூபைத் தூண்டி எரியவைக்கும் ஸ்டார்ட்டரைத் திருகுவதும் அவர்கள் பார்க்காத காட்சி.

நான் முப்பது வருடம் வயரிங் வேலை பார்த்தவன். "டியூப் எரிந்துகொண்டுதானே இருக்கிறது, எதற்கு எல்.இ.டி.?" என்று இன்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் 40 வாட் டியூப் 40 வாட்டோடு நிற்பதில்லை. கூடவே இருக்கும் சோக்கு, அதாவது டியூபுக்குப் போகும் கரண்டை அளவோடு விடும் செம்புக் கம்பிச் சுருள், தன் பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு வாட் இழுத்து, அதை வெறும் சூடாக்கிவிடும். ஆக, சுமார் 52 வாட். தினமும் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 19 யூனிட். 20 வாட் எல்.இ.டி. டியூபுக்கு 7 யூனிட் போதும். வீட்டில் நான்கு டியூப் என்றால் 45 யூனிட்டுக்கு மேல் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டுவோமா மாட்டோமா என்று ரீடிங் எடுப்பவரின் முகத்தைப் பார்த்து நிற்கும் வீடுகளுக்கு இது சின்னக் கணக்கில்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்ற வேண்டாம். கூடம், சமையலறை, கடை என்று அதிக நேரம் எரிகிற இடத்தில் முதலில் மாற்றுங்கள். பரணுக்குப் பக்கத்தில் வாரம் பத்து நிமிடம் எரியும் விளக்கு அப்படியே கிடக்கட்டும்.

லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோக்குப் போட்ட டியூபின் ஒளி விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அந்த வெளிச்சத்தில், வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றுகிற சக் சில வேகங்களில் நிற்பது போலத் தெரியும். கையை வைத்தால் போச்சு. அதனால்தான், எல்லா டியூபும் ஒரே நொடியில் மங்காதபடி, பக்கத்துப் பக்கத்து டியூபுகளுக்கு வேறு வேறு பேஸில் லைன் கொடுப்போம். நல்ல டிரைவர் (உள்ளே கரண்டைச் சீராக்கித் தரும் சர்க்யூட்) உள்ள எல்.இ.டி.யில் இந்தத் துடிப்பு மிகக் குறைவு. மலிவுச் சரக்கில் இருக்கும். செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் வாங்காதீர்கள்.

இனி என் தவறு. அக்கா வீட்டில் அவசரத்துக்குப் பழைய செட்டிலேயே எல்.இ.டி. டியூபை மாட்டி, ஸ்டார்ட்டர் இடத்தில் இணைப்புக்காக மட்டும் போட, கூட வந்த டம்மி ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வந்தேன். சோக்கைக் கழற்றவில்லை. இரண்டு மாதத்தில் சோக்குச் சுருள் அறுந்தது, விளக்கு அணைந்தது. "என்னடா, புது லைட்டும் டியூப் லைட்டாப் போச்சே" என்றார் அக்கா. சில எல்.இ.டி. டியூபுகளுக்கு ஒரு முனையில் மட்டும் லைன் வர வேண்டும், சிலவற்றுக்கு இரு முனையிலும். டியூபின் மேலேயே படம் ஒட்டியிருப்பார்கள். மெயினை அணைத்துவிட்டு அந்தப் படத்தின்படி வயரிங்கை மாற்றுங்கள். செட்டே துருப்பிடித்திருந்தால் விளக்கும் செட்டும் ஒன்றாக வரும் பேட்டனாக வாங்கிவிடுவது நல்லது.

கழற்றிய டியூபில் பாதரசம் இருக்கிறது. அதற்காகத்தான் 2023-இல் ஜெனீவாவில் கூடிய, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், 2027-ஆம் ஆண்டோடு இந்த டியூபுகளின் தயாரிப்பை முடித்துக்கொள்ளத் தீர்மானித்தன. கைதவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள்.

பழைய இரும்புக் கடையில் சோக்கைச் செம்புக்காக ஆசையாக வாங்கிக்கொள்கிறார்கள். டியூபைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். புது டியூப் வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே பழையதைச் செருகி, மின்கழிவு வாங்குபவர் வரும்வரை கதவு மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஒன்பது சேர்ந்திருக்கிறது.