நானக், நானகு, நானகி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அமிர்தசரஸ் என்றதும் பொற்கோயிலும், அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் போடும் லங்கர் சாப்பாடும்தான் நினைவுக்கு வரும். சப்பாத்தி இடுவதும் தட்டுக் கழுவுவதும் கண்ணுக்குத் தெரியும் சேவைகள். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிபைப் பிழையில்லாமல் வாசிப்பதும் சேவைதான். அதற்குப் பக்தி மட்டும் போதாது, இலக்கணமும் வேண்டும்.

குரு அர்ஜன் தொகுக்க, பாய் குர்தாஸ் எழுத, 1604இல் ஹர்மந்திர் சாஹிபில், அதாவது அந்தப் பொற்கோயிலில், வைக்கப்பட்ட நூல் அது. 1708இல் நாந்தேடில் குரு கோவிந்த் சிங், இனி இதுவே குரு என்றார். இன்றைய அச்சுப் படியில் 1430 பக்கம். அதைப் பக்கம் என்று சொல்வதில்லை. குருவின் உடல் என்பதால் ‘அங்’, அதாவது அங்கம்.

இடைவிடாத பாராயணமான அகண்ட பாட் சுமார் 48 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஓர் அங்கத்துக்கு இரண்டே நிமிடம். ஆள் மாற்றி ஆள் வாசிப்பார்கள். நடுவே குரல் அறுபடக் கூடாது. சீக்கிரம் முடிக்கப் பார்த்தால் சொற்கள் ஒன்றையொன்று விழுங்கிவிடும். கேட்பவருக்கு விளங்கும்படி வாசிக்க வேண்டும் என்கிறது சீக்கிய நடத்தை விதி. பக்கத்தில் கும்பம், நெய்விளக்கு, தேங்காய் வைப்பதையும் அது விலக்குகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் கை தானாகத் தேங்காயைத் தேடும்!

பழைய கையெழுத்துப் படிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. நம் ஓலைச்சுவடி மாதிரியே ஒரே தொடராக ஓடும். அதை லடிவார் என்பார்கள். இன்றைய அச்சு பெரும்பாலும் பதச்சேதம், அதாவது சொல் பிரிப்பு, செய்தது. எங்கே பிரிப்பது என்று முடிவு செய்தவர் பாதி உரையை அங்கேயே எழுதிவிட்டார் என்பேன்.

பிரித்த பிறகும் சிக்கல் தீராது. இந்த நூலின் எழுத்து குர்முகி. அதில் இகரக் குறி சிஹாரி. நம் கொம்பு போல எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். உகரக் குறி ஔங்கட்; எழுத்தின் காலடியில் இருக்கும். சொல்லின் கடைசியில் வந்தால் பெரும்பாலும் இவற்றை உச்சரிப்பதில்லை. ஆனால் வேற்றுமையைச் சொல்வது இவைதான். முதல் குருவான நானக்கின் பெயரையே பாருங்கள். முதல் அங்கத்தில் ‘நானக்’ என்று குறியில்லாமல் வருகிறது. அது விளி, ‘நானக்கே’. நூலின் தொடக்கப் பாடலான ஜப்ஜியின் 18ஆம் பத்தியில் ‘நானகு நீசு கஹை வீசாரு’. உகரம் இருப்பதால் எழுவாய்: எளியவன் நானக் சொல்கிறான். 966ஆம் அங்கத்தில் ‘நானகி ராஜு சலாயிஆ’. இகரம் மூன்றாம் வேற்றுமை: நானக்கால் அரசு நடத்தப்பட்டது. காதுக்கு மூன்றும் ஒன்றுபோலவே கேட்கும். கண்ணுக்கு மட்டும் வேறு.

இதைப் படித்துவிட்டு, உகரம் கண்ட இடமெல்லாம் ஆண்பால் ஒருமை என்று கொள்பவர்கள் உண்டு. ‘வஸ்து’வில் சறுக்குவார்கள். அது பெண்பால், அந்த உகரம் சொல்லோடு பிறந்தது, உருபு அல்ல. பக்தியைக் குறிக்கும் ‘பகதி’யின் இகரமும் அப்படியே. பேராசிரியர் சாஹிப் சிங் இந்த விதிகளைத் தொகுத்து இலக்கணம் எழுதி, அதை வைத்தே முழு நூலுக்கும் 10 தொகுதிகளில் உரை கண்டார். அவர் முடிபுகள் எல்லாவற்றையும் ஏற்காதவர்கூட அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் இருக்க முடியாது.

நூலைத் திறந்து, கிடைக்கும் பாடலைக் குருவின் கட்டளையாக வாசிப்பது ஹுக்கம். அதை எடுப்பதற்கும் முறை உண்டு. நூலைத் திறந்ததும் இடப்பக்கத்தின் உச்சியில் ஓடும் பாடலைப் பார்க்க வேண்டும். அது முந்தைய அங்கத்தில் தொடங்கியிருந்தால் ஏட்டைத் திருப்பி முதல் வரியிலிருந்து வாசிக்க வேண்டும். பாதியில் பிடிப்பது தவறு. சுலோகங்களும் பத்திகளும் கலந்து வரும் ‘வார்’ என்னும் பாடல் வகையானால், பத்திக்கு முன்னுள்ள சுலோகங்களில் முதலாவதிலிருந்து தொடங்கி அந்தப் பத்தி முடியும்வரை போக வேண்டும். நானக் என்ற பெயர் வரும் வரியோடு நிறுத்த வேண்டும். அந்தப் பெயரின் கடைசி எழுத்தில் குறி இருக்கிறதா, இருந்தால் எது என்று பார்த்துவிட்டுத்தான் பொருள் சொல்லத் தொடங்க வேண்டும்.