எரிந்த இடத்தில் காகிதத்தால் கட்டிய தேவாலயம்! 10 ஆண்டு எப்படி நின்றது?

வணக்கம் மக்களே! தீயில் கருகிப்போன இடத்தில் காகிதத்தால் கட்டிடம் எழுப்பலாம் என்று ஒருவர் வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். ஜப்பானின் கோபே நகரில் ஒரு பங்குத்தந்தையிடம் கட்டிடக் கலைஞர் ஷிகேரு பான் இதைத்தான் சொன்னார். பங்குத்தந்தையும் உடனே தலையாட்டவில்லை.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1995 ஜனவரி 17, நிலநடுக்கம். 6,000 பேருக்கு மேல் பலி. தகதோரி கத்தோலிக்கத் தேவாலயம் தீக்கிரையானது. பங்கு மக்களில் வியட்நாம் அகதிகளும் உண்டு, பூசை வெட்டவெளியில். கடைசியில் அனுமதி கிடைத்தது, ஆனால் பணத்தையும் ஆட்களையும் பான்தான் திரட்ட வேண்டும்!

சரி, இப்போது பான் தூணாக நிறுத்திய காகிதக் குழலுக்கு வருவோம். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழலை வளைத்துப் பாருங்கள், அசையாது. காகிதப் பட்டைகளைப் பசை தடவிச் சுருளாகச் சுற்றியதால் வந்த இறுக்கம் அது. கோபேயில் நின்றது அதற்கு அண்ணன்: 5 மீட்டர் உயரம், சுமார் 33 சென்டிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் கனம். மொத்தம் 58. எடை குறைவு என்பதால் தன்னார்வலர்களே கையால் தூக்கி நிறுத்தினார்கள். 160 பேர், 5 வாரம், வேலை முடிந்தது. கட்டிடத்தின் எடை குறைந்தால் நிலநடுக்கத்தின் உலுக்கலும் குறையும் என்பது கூடுதல் லாபம்.

"மழை பெய்தால்?" என்று கமெண்டில் கேட்க ஓடாதீர்கள். வெளியே பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் சுவர், மேலே கூடாரத் துணி.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் குழல்களை நிறுத்திய விதம். நீள்வட்டமாக நிற்கின்றன. பீடத்துக்குப் பின்னால் நெருக்கி வைத்ததால் அதுவே சுவர். எதிர்ப்பக்கம் இடைவெளி விட்டு வைத்ததால், முகப்பைத் திறந்தால் கூடமும் வெளியும் ஒன்றாகிவிடும். பூசைக்குத் தேவாலயம், மற்ற நேரம் ஊர்க்கூடம். தடுப்புச் சுவரும் வேண்டாம், இரண்டாவது கட்டிடமும் வேண்டாம். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்!

தற்காலிகம் என்று சொல்லிக் கட்டியது 10 ஆண்டு நின்றது. 2005-இல் பிரித்துத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். 1999 நிலநடுக்கத்தில் அடிபட்ட பூலி பகுதியின் தாவோமி கிராமத்தில் 2008-இல் மறுபடி எழும்பியது. செங்கல் கட்டிடத்தை இப்படி மூட்டை கட்ட முடியுமா?

உங்கள் ஊர்ச் சமூகக் கூடத்தைக் காகிதத்தில் கட்டினால் உள்ளே போவீர்களா, வாசலிலேயே நிற்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். அப்படியே சப்ஸ்கிரைப் பொத்தானையும் தட்டிவிடுங்கள்.